குட்டையாகாத பட்டை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நடந்தது நடந்ததுதான். மெரிட் டால்பெர்க் பயந்த சுபாவம் உள்ளவள் அல்ல. அமெரிக்காவின் டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த மாடியறை ஒன்றில் உட்கார்ந்து, கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை வடிவமைத்துக் கொடுப்பவள். பேய் என்றால் சிரிப்பாள். அந்தப் பிப்ரவரி மதியம் வரைக்கும்.

வேலை இதுதான். வடக்கே ஓர் இரும்புத்தாதுச் சுரங்கம். அங்கே கல் உடைக்கும் கூடத்தில் மாதாமாதம் எவ்வளவு தூசி பறக்கிறது என்று எக்செல்லில் போட்ட வரைபடம் வரும், மாதத்துக்கு ஒரு பட்டையாக. மெரிட் அதை வரைகலை மென்பொருளுக்குள் இறக்கி, நிறமும் எழுத்தும் மாற்றி அச்சுக்குத் தயார் செய்வாள். எக்செல்லில் இருக்கும்வரை ஒவ்வொரு பட்டையும் ஓர் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எண் மாறினால்தான் பட்டை மாறும். இந்தப் பக்கம் இறக்கிவிட்டால் அந்தக் கட்டு அறுந்துவிடும். பட்டை வெறும் செவ்வகம். மேலே இழுக்கலாம், கீழே அமுக்கலாம். ஏனென்று கேட்க ஆள் இல்லை.

தூசியை அளந்து அனுப்பியவர் ரெய்னோ கங்காஸ். போனில் பேசும்போதே இருமுவார். வறட்டு இருமல் இரண்டு, பிறகு நீளமாக ஒரு இழுப்பு. "மெரிட், கலரை என்ன வேணா பண்ணிக்கோ. உயரத்துல மட்டும் கை வைக்காத. அது என் நுரையீரல்" என்பார். போன இலையுதிர்காலத்தில் அந்த நுரையீரலே அவரைக் கொண்டுபோய்விட்டது.

அன்று சுரங்க மேலாளர் லைல் ப்ரெஸ்காட் நேரிலேயே வந்தார். மறுநாள் ஊர் மண்டபத்தில் கூட்டம். தொழிலாளர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் வருகிறார்கள். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"போன வருஷ ஜனவரி மட்டும் ஏன் கொக்கு மாதிரி நிக்குது?"

"ரெய்னோ அளந்தது அது."

"ரெய்னோ போய்ச் சேர்ந்தாச்சு. பக்கத்துப் பட்டை உயரத்துக்கு இறக்கு."

"அது பொய்யாயிடும், லைல்."

"பொய் சொல்றது நான். நீ படம் போடு, போதும். முடியாதுன்னா சொல்லு, மினியாபோலிஸ்ல ஆளுக்கா பஞ்சம்?"

அவர் காபியோடு சோபாவில் சாய்ந்தார். மெரிட் பல்லைக் கடித்துக்கொண்டு ஜனவரியின் தலையைப் பிடித்து அமுக்கினாள். சேமித்தாள். மணி மூன்றே கால்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்... ஜனவரி பழைய உயரத்தில் நின்றது.

கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். மறுபடி அமுக்கினாள். அசையாதபடி பூட்டும் போட்டாள். ஏரிக்காற்று ஜன்னலை அறைந்தது. திரும்பிப் பார்த்தாள். பூட்டு அப்படியே இருந்தது. பட்டை நிமிர்ந்திருந்தது.

மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். நீலம் பூசினாள். அமுக்கினாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

நீலம் வெளுத்தது. மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு பட்டை எழுந்தது... கிழவர் ஒருவர் நாற்காலியைப் பிடித்து எழுவதுபோல.

முதுகுக்குப் பின்னால் இருமல்.

கஃ... கஃ...

பிறகு நீளமாக ஒரு இழுப்பு.

"தண்ணி வேணுமா லைல்?"

"எனக்கா? இருமுனது நீதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அறையில் மூன்றாவது ஆள் இல்லை. மெரிட் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறத் தூசி.

"நான் தொட மாட்டேன்" என்றாள்.

"தள்ளு. ஒரு கோட்டை இறக்கத் தெரியல உனக்கு."

லைல் மௌஸைப் பிடித்தார். ஜனவரியைக் கீழே இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. அவர் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

பட்டை இன்னும் இறங்கியது. அவர் தோள்கள் உள்ளே ஒடுங்கின. வாய் திறந்தது. மூச்சு வரவில்லை.

"விடுங்க லைல்... கையை விடுங்க."

அவர் கை மௌஸில் இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

பட்டை இறங்கிக்கொண்டே இருந்தது.

பாதி...

கால்...

அவர் உதடு நீலமாகிவிட்டது.

மெரிட் பாய்ந்து மௌஸைப் பிடித்தாள். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. சொரசொரவென்று, சில்லென்று இருந்தது.

"ரெய்னோ..." என்றாள். "நீங்க அளந்தபடியே போடுறேன். விட்டுடுங்க."



பிறகு அந்தக் கை விலகியது. அவள் ஜனவரியை அதன் முழு உயரத்துக்கு இழுத்தாள். லைல் தரையில் விழுந்து மூச்சை இழுத்தார். இருமினார். கார்பெட்டில் சாம்பல் நிறமாகத் துப்பினார்.

ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது. மெரிட் நேரே அச்சகத்துக்குப் போனாள். ஜனவரி முழு உயரத்தில்தான் அச்சானது.

மறுநாள் காலை லைலின் மனைவி போன் செய்தாள். "அவர் கூட்டத்துக்கு வர மாட்டார். எக்ஸ்ரேயில நுரையீரல் பூராவும் கல்தூசியாம். கூடத்துல எத்தனை வருஷம் வேலை பார்த்தார்னு டாக்டர் கேக்குறார். அவர் அந்தக் கூடத்துக்குள்ள காலே வச்சதில்ல மெரிட்."

கூட்டத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. கூடத்தை மூடச் சொல்லி எல்லோரும் கை தூக்கினார்கள்.

வெளியே வரும்போது ரெய்னோவின் மனைவி லெம்பி மெரிட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன், பைத்தியம்னு நினைக்காத. அவரைப் புதைச்சுட்டு வந்த நாள்லேர்ந்து எங்க படுக்கையறையில அவர் இருமல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி பகல்னு இல்ல. நேத்து மூணு மணிக்கு மேல திடீர்னு வீடே அமைதியாயிடுச்சு. இப்போ அது இல்லாம எனக்குத் தூக்கம் வரல... எங்க போச்சுன்னு தெரியல."



மெரிட்டுக்குத் தெரியும். காலையில் லைலின் மனைவி பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அது கேட்டது. வறட்டு இருமல் இரண்டு. பிறகு நீளமாக ஒரு இழுப்பு.