அஷ்டமி நாள் ஜீப்

அன்று காலை ஜீப் ஹாரன் அடிக்காமல் வந்து நின்றது. பள்ளங்கி வளைவில் திரும்பும்போதே அடித்துவிடுவது டிரைவர் முருகேசனின் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் என் மகள் வள்ளி வாசலைப் பார்த்துக் கையை நீட்டுவாள். அன்று அவர் இறங்கி வந்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ரஹ்மத் அக்கா வெள்ளனே போய்ட்டாங்கம்மா. தொழுகைக்கு எந்திரிச்சவங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க."

"முருகா!" என்று சாமியைக் கூப்பிட்டேன்.

பெருமாள்மலை முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காமல் நம்மில் யாரும் புளி, மிளகாய் வாங்கியதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பகல்நேரப் பயிற்சி மையத்துக்கு அவர் செய்ததை மட்டும், அங்கே பிள்ளையை அனுப்பும் தாயாக எழுதி வைக்கிறேன்.

வள்ளிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். மையத்துக்குப் போன பிறகுதான் அவளுக்குக் கழுத்து நின்றது, ஸ்பூனைப் பிடிக்க வந்தது. பயிற்சி ஒரு வாரம் விட்டுப்போனால் போதும், விரல்கள் மறுபடி இறுகிவிடும். வளர்ந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் ஜீப் வந்தால்தான் மையம், இல்லாவிட்டால் பாய்தான். மையத்துக்கு வெளியூரிலிருந்து உதவியவர்கள் ஒரு கட்டத்தில், டீச்சர் சம்பளம் தருகிறோம், வண்டிச் செலவுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜீப் நின்றது.

அந்த மாதத்து அமாவாசையன்று, வள்ளியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்கா கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். எதிரே மையத்து வாசலில் மூன்று வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு அண்டா சர்க்கரைப் பொங்கலோடு நின்றார்கள். உள்ளே டீச்சர் மட்டும் இருந்தார். அவர்களில் பூண்டு வெள்ளாமைக்காரர் ஒருவர் கடைப்பக்கம் வந்து, "ஏக்கா, புள்ளைகள எங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல கெடக்குதுக. வாடகை குடுக்க ஆளில்லாம ஜீப்பு நின்னுபோச்சு. ஒங்க பொங்கல் மட்டும் வேன் புடிச்சு வந்துருச்சு."

"அன்னதானம்னு வேண்டிக்கிட்டோம். புண்ணியமாச்சேன்னு..."

"திருவிழாவுல குடும்பத்துக்கு ஒரு நாள் மண்டகப்படி எடுக்குறீங்கள்ல. அன்னைக்குச் சாமி எதுல வருது?"

"சப்பரத்துல."

"சப்பரத்த நிப்பாட்டிட்டுப் படையல மட்டும் வச்சா வருமா? இந்தப் புள்ளைகளுக்கு ஜீப்புதான் சப்பரம். ஆளுக்கொரு நாள எடுங்கய்யா. சோத்த அவங்கவங்க வீட்டுல தின்னுட்டு வருதுக."

அவர் அண்டாக்களை மறுபடி வேனில் ஏற்றி, பிள்ளைகளின் வீடுகளுக்கே கொண்டுபோய்ப் பொங்கலைக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும், "கிருத்திகை எனக்கு" என்றார்.

அப்படித்தான் ஜீப்புக்கு மண்டகப்படி தொடங்கியது. கிருத்திகைக்கு அடுத்த வாரமே சண்டை வந்தது. "கிருத்திகை எங்க குலசாமி நாளு, எப்படி அவுகளுக்குக் குடுக்கலாம்?" என்று ஒருவர் கடையில் வந்து கத்தினார். அக்கா பருப்பை எடைபோட்டபடியே, "மாசம் விட்டு மாசம் எடுத்துக்கங்க. முருகன் எங்கயும் ஓடிர மாட்டாரு" என்றார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

கணக்கு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். பேப்பரில் கட்டிவந்த சாமானைப் பிரித்தபின் அந்தப் பேப்பரைப் படித்தே எழுத்துப் பழகியவள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைக் கடை வாசலில் நின்று படிக்கச் சொல்வார். "ரோட்டுல போறவனுக்குக் கேக்கணும் தாயி. முணுமுணுத்தா பொய்க்கணக்குன்னு நெனப்பான்." டீசல் செலவைப் படித்து முடித்ததும் விடமாட்டார். "அது ஆச்சு. புள்ளைக என்ன படிச்சுச்சுகன்னு சொல்லு." வள்ளி ஸ்பூனைத் தானே வாய்க்குக் கொண்டுபோனாள் என்று, சீனிக்கும் சோப்புக்கும் நின்றவர்களுக்கு முன்னால் நான் உரக்கப் படித்தேன். என் மகளைப் பற்றி ஊருக்கு நடுவில் தலை நிமிர்ந்து பேசியது அன்றுதான் முதல் தடவை.

பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் பராமரிப்பு உதவித்தொகையில் ஒரு பங்கை ஜீப்புக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு தகப்பன் கேட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது புள்ளையோட காசு. அது மருந்துக்கும் துணிக்கும் வேணும். வண்டி ஓட்டுறது ஊரோட சோலி."

எல்லா நாளுக்கும் ஆள் வந்தது. அஷ்டமிக்கும் நவமிக்கும் மட்டும் வரவில்லை. அன்றைக்குக் காசு கையை விட்டுப் போனால் விளங்காது என்றார்கள். நானும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவள்தான்; கணக்கு நோட்டை அக்காவிடம் நீட்டினேன்.

"எல்லாம் அல்லா குடுத்த நாளுதான். ஆகாத நாளையெல்லாம் எம்பேருல எழுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தப் புள்ளைகளையே ஆகாத பொறப்புன்னு சொன்னவங்கதான தாயி."

மழையிலும், மூட்டம் ரோட்டை மறைத்த காலைகளிலும், அந்த நாட்களில் ஜீப் நிற்கவில்லை.

அவர் போன அன்று முருகேசன், "வண்டியத் திருப்பிறவாம்மா?" என்று கேட்டார். சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. அக்காவுடைய நாள். "அவங்க நாள்லயா நிப்பாட்டுறது? ஏத்துங்க" என்றேன். வள்ளியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நானும் ஏறினேன். அவளை மையத்தில் இறக்கிய பிறகுதான் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அங்கே எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அந்த இரண்டு நாட்களை இனி யார் எடுப்பது என்ற பேச்சு மட்டும் எழவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல நேரம் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடாதவள் நான். அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பால் விற்ற காசை எடுத்துவைத்து, கணக்கு நோட்டில் அஷ்டமிக்கு நேரே இருந்த அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

நவமி இன்னும் காலியாக இருக்கிறது. அக்காவைத் தெரிந்த உங்களிடம், ரோட்டுக்குக் கேட்கிற குரலில் கேட்கிறேன்: அந்த நாளை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?