பதினோரு குண்டுப் பெண்களும் ஒரு தொட்டிலும்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பதினோரு குண்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒன்றேகால் சாண் உயரம். தொடைகள் ஒன்றோடொன்று உரசும், கை இடுப்பில் இடிக்கும், வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். பொம்மைகள்தான். தென்காசியில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் நாற்பத்தொரு வயதுக்காரி பொம்மை சேர்க்கிறாள் என்றால் பாதிப் பேருக்குச் செரிக்காது. அதிலும் குண்டுப் பொம்மையாகப் பார்த்துச் சேர்க்கிறாள் என்றால் மீதிப் பேருக்கும் செரிக்காது. தபால்தலை சேர்த்தால் அறிவாளி, பழைய நாணயம் சேர்த்தால் ஆராய்ச்சியாளர், பொம்மை சேர்த்தால் மட்டும் மறை கழன்றவள்.

அந்த அலமாரி முன்பு என் கணவர் கேரம் போட்டியில் வாங்கிய மூன்று கோப்பைகளுக்காக இருந்தது. கோப்பைகள் இப்போது பீரோவுக்கு மேலே தூசியோடு இருக்கின்றன. அவர் ஒன்றும் சொன்னதில்லை. மூன்றுமே இரண்டாம் பரிசு என்பதால் சொல்லவும் முகமில்லை.

இது தொடங்கியது ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில். தீபாவளிக்குச் சுடிதார் எடுக்கப் போயிருந்தேன். கடைப்பெண் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். டேப் எடுக்கும் சிரமம்கூட அவளுக்கு வைக்கவில்லை நான்.

"அக்கா, உங்களுக்கு இங்கன வராது. நைட்டி மாடியில இருக்கு, போய்ப் பாருங்க."

அன்று சாயங்காலம் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. ஒரு பேஷன் பொம்மை. ஈர்க்குச்சிக்குச் சேலை கட்டியதுபோல் ஒரு காலத்தில் வருமே, அந்த ஜாதி இல்லை. நல்ல கனத்த உடம்பு, பச்சை ஜீன்ஸ், இடுப்பில் ஒரு கை. முகத்தில் துளி வெட்கம் இல்லை. யாரோ ஒருத்தர் எங்கோ ஓர் ஆலையில் என் உடம்புக்கு அச்சு வார்த்து, அதற்கு அளவெடுத்து ஜீன்ஸும் தைத்திருக்கிறார். உடனே வரவழைத்தேன். பார்சலைப் பிரித்து, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என்னைப் பார்த்தால் அழுகிறவள் மாதிரி தெரியாது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் பொம்மை உலகத்திலும் அதே ரத வீதிக் கடைதான் நடக்கிறது. தனியாக விற்கும் பொம்மைச் சட்டை எல்லாம் ஒல்லிப் பொம்மைகளுக்கு. என் பெண்களுக்குப் போட்டால் தொடைக்கு மேல் ஏறாது. ஆகவே நானே தைக்கப் பழகினேன். எனக்கு பிளவுஸ் தைக்கும் டெய்லர் வெட்டுத்துணிகளை ஒரு பையில் போட்டு வைப்பார். கொடுக்கும்போது, "பொம்மைக்கு முன் கொக்கியா பின் கொக்கியாம்மா?" என்று கேட்பார். கேலிக்குத்தான் கேட்கிறார் என்று தெரியும். பின் கொக்கி என்று சொல்வேன், பொம்மைக்கு அதுதான் சரி.

கேலியைப் பொறுத்தாலும் குற்றாலத்துக்காரர்களின் அறிவுரையைப் பொறுக்க முடியாது. பொம்மை சேர்ப்பவர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. பல ஊர்க்காரிகள், பல நாட்டுக்காரிகள். அருவியோடு ஒரு படம் போடு என்று அவர்கள் கேட்க, சாரல் நேரத்தில் ஒருநாள் முதல் பொம்மையை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் அவளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணாச்சி வந்து நின்றார். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். இடுப்பில் ஒரு துண்டு. துண்டுக்கு மேலே அவரது வயிறு தனியாக ஓர் ஆள் மாதிரி நின்றது. அதில் என் பதினோரு பெண்களும் உட்கார்ந்த பிறகும் இடம் மிஞ்சும்.

"எம்மா, குண்டுப் பொம்மைய வச்சுப் படம் எடுக்கீயளே. பாக்குதவன் சிரிக்க மாட்டானா?" என்றார்.

சொல்லிவிட்டு அந்த வயிற்றைத் தட்டிக்கொண்டே அருவிக்குப் போனார். அங்கே அவரைப் போல நூறு பேர் தொப்பையைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நாங்கள் நைட்டி போட்டு, அதற்கு மேலே துண்டு போட்டு, முழங்கால் தெரிந்துவிடாமல் குளித்துக்கொண்டிருந்தோம். பொதிகை மலைத் தண்ணீருக்கு ஆண் வயிறு பெண் வயிறு என்ற பேதம் இல்லை. கரையில் நிற்பவனுக்குத்தான் இருக்கிறது.

இனி என் மதினிக்கு வருகிறேன். கணவருக்கு அக்கா, அச்சன்புதூரில் இருக்கிறார். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், இன்னும் இறக்கி விடவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. திருநெல்வேலி, மதுரை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்று பார்க்காத டாக்டர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு கடைசியாகப் பார்த்த டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில், புளியறையில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கே வைத்து அவர் சொன்னார்:

"போதும்ளா. இனி யார்ட்டயும் போவ வேண்டாம். நமக்கு நாமளே போதும்."

எனக்கு அவர் செய்து போட்ட நகை எதையும்விட அந்தப் பேச்சு பெரிது. அன்றிலிருந்து அந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வெளியே இருந்து யாராவது கொண்டுவந்தால் அவரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த ஒரு நிம்மதியில்தான் நான் பொம்மைக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்கள் பிள்ளை இல்லாத ஏக்கத்தில் பொம்மை வைத்திருக்கிறாள் என்று பேசினார்கள். பிள்ளைக்குப் பதிலாக ஜீன்ஸ் போட்ட முப்பது வயதுப் பெண்ணை யார் வைத்துக்கொள்வார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்கு வந்த மதினி, அலமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, எல்லாம் மாசமாவுல்லா இருக்கு!"

"இல்ல மதினி, அது குண்டு."

"குண்டுன்னா பின்னாலல்லா இருக்கணும்? இது முன்னால தள்ளிட்டு நிக்கே. இது நாலு மாசம் இருக்கும். அந்தப் பச்சைக் கால்சட்டைக்காரிக்கு ஆறு."

"பின்னாலயும் இருக்கு மதினி. வேணும்னா திருப்பிக் காட்டுதேன்."

திருப்பிக் காட்டினேன். மதினி பார்க்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வயிற்றுப் பிள்ளைக்காரிப் பொம்மையாக வாங்கி வைத்து ரகசியமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். என் தலையை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போதே சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் அலமாரியில் பத்துப் பேர். பச்சை ஜீன்ஸ்காரியைக் காணோம். நான் முதலில் வாங்கியவள். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற மனிதர் இல்லை அவர்.

"ஒண்ணைக் காணோமே?"

"அக்கா வந்திருந்தாவ. கோயில்ல தொட்டில் கட்டப் போறாவளாம். கடையில உள்ள மரப்பொம்மை சின்னதா இருக்காம். இது வயித்துப்பிள்ளையோட இருக்கதால சீக்கிரம் பலிக்குமாம்" என்றார்.

பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணியில் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கோயில் மரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. அலமாரியைப் பூட்டிச் சாவியை நான் எங்கே வைப்பேன் என்பது வீட்டில் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

"சாவிய யாரு குடுத்தா?"

"நான்தான். அக்கா கேட்டாவ, குடுத்தேன். பொம்மைதானளா?"

"நீங்க இதை நம்புதீயளா?"

"சேச்சே. எனக்கென்ன. அக்கா மனசு நோவக் கூடாதுன்னுதான்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அக்காவுக்காக ஆடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை. பொம்மை போனதைவிட, புளியறையில் மூடிய கதவை அவர் கையால் திறந்துவிட்டதுதான் எரிந்தது. இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வண்டியை எடுத்தார். "வா, போய் அந்தப் பொம்மைய எடுத்துட்டு வந்துருவோம். ஆனா நான் உள்ள வர மாட்டேன், பூசாரி தெரிஞ்சவரு" என்றார். வீரத்தில் அவர் எப்போதும் இரண்டாம் பரிசுதான்.

அச்சன்புதூருக்கு அந்தப் பக்கம் வயலுக்கு நடுவே சின்ன அம்மன் கோயில். வண்டியோடு அவர் கோயில் நுழைவு வளைவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வேப்பமரத்தில் கிளை தெரியாமல் தொட்டில்கள். என் பெண்ணைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மற்ற பொம்மைகள் எல்லாம் தொட்டிலுக்குள் அடங்கிக் கிடந்தன. இவளுக்கு மட்டும் இடம் போதாமல் ஜீன்ஸ் கால் இரண்டும் வெளியே தொங்கின. முகமெல்லாம் மஞ்சள் அப்பி, வெந்நீரில் முக்கி முக்கி நான் நேராக்கிய முடியில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்திலும் இடுப்பில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

பூசாரியிடம் போய் அந்தத் தொட்டிலை அவிழ்க்க வேண்டும் என்றேன்.

"கட்டுனத எடுக்கக் கூடாது தாயி. பிள்ளை உண்டான பொறவு வந்துதான் அவுக்கணும். அதுக்கு மின்னால கைய வச்சா குத்தமாயிரும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா. உண்டாயிருக்கீயளா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

பதினான்கு வருடமாகப் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யாரும் என் வாயிலிருந்து தப்பியதில்லை. "பிள்ளை இல்ல, சோறு" என்பேன். அன்றைக்கு அந்தச் சோற்றை விழுங்கிவிட்டு வயிற்றின்மேல் ஒரு கையை வைத்தேன். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"பாத்துக்கிடுங்க எல்லாரும்! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று பூசாரி கத்தினார். மரத்தடியில் தொட்டிலோடு நின்ற பெண்கள் நாலைந்து பேர் திரும்பினார்கள். யாரோ குலவை போட்டார்கள். நெற்றி நிறைய குங்குமம், கழுத்தில் ஒரு மாலை, கையில் என் பொம்மை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. பொம்மைக் குழுவில் படம் போட்டால் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும், மெலிந்தவள். "அக்கா, தொட்டுக்கிடட்டா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன் என் வயிற்றில் கை வைத்தாள். கை மஞ்சள் ஈரத்தில் சில்லென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய வேண்டிக்கொண்டாள்.

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. என் உடம்பை அப்படி மரியாதையாக யாரும் தொட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"தங்கச்சி, நான் உண்டாகல. என் உடம்பே இப்படித்தான். இது என் பொம்மை, எனக்குத் தெரியாமக் கொண்டாந்து கட்டிட்டாவ."

கையை எடுத்துவிடுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, அதே தாழ்ந்த குரலில் பேசினாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. அங்கன நிக்கதுதான் எங்க மாமியா. ஒம்பது வருசமா ஏச்சுத்தான். இப்பதான் உங்களக் காட்டி, 'பாத்தியா, உனக்கும் கெடைக்கும்'னு சொன்னாவ. அப்படியே போயிருங்க."

அப்படியே போனேன். ஒரு கையில் பொம்மை, ஒரு கை வயிற்றில். அந்த மாமியார் என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும், அதனால் மெதுவாக, மாசமானவள் நடப்பதுபோலவே நடந்தேன். பின்னால் மறுபடியும் குலவை கேட்டது.

வளைவுக்கு வெளியே கணவர் வண்டியில் சாய்ந்து நின்றார். பொம்மையை எடுக்கத்தான் நான் உள்ளே போனேன் என்பது அவருக்குத் தெரியும். கூட்டி வந்ததே அவர்தான். ஆனாலும் குலவையைக் கேட்டு நிமிர்ந்து, மாலையையும் குங்குமத்தையும் பார்த்து, வயிற்றில் இருந்த என் கையைப் பார்த்ததும், அந்த முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தார். சாவியை அவர் அக்காவுக்காகக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. புளியறையில் போதும் என்று சொன்னது எனக்காகச் சொன்னது. மூன்று வருடமாக அவருக்குப் போதவில்லை.

அவர் கண்ணில் பொம்மை பட்டது. நீட்டிய கைகளைக் கீழே போட்டார்.

"கெடச்சிட்டா?" என்று கேட்டார்.

வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, கிடைத்துவிட்டது என்றேன்.