அடுத்தவர் ஷூவுக்குள் என் கை

போன வருடம் கோடைக்காலம். ஜெர்மனியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு மரவிடுதி. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைத் திருடி என்று பிடித்துவிட்டார்கள்.

நான் அங்கே எதற்குப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வந்தால் எனக்கு அறையில் கால் தங்காது. மற்ற நாட்கள் வகுப்பு, லேப் என்று ஓடிவிடும். சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் ஓர் அமைதி விழும் பாருங்கள், அப்பப்பா! ஆம்பூரில் பஸ் ஹாரனுக்கும் பக்கத்து வீட்டு டிவிக்கும் நடுவே வளர்ந்தவளுக்கு அது எப்படித் தாங்கும்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாணவர்களுக்கான ரயில் பாஸ் இருந்தது. எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறுவேன். போன இடத்திலாவது நிம்மதியாக உட்கார்ந்தேனா என்றால் அதுவும் இல்லை. ஏரிக்கரையில் நின்றுகொண்டே அடுத்த ஊருக்கு ரயில் எப்போது என்று போனைத் தடவிக்கொண்டிருப்பேன்.

"ஒரு எடத்துல குந்த மாட்டியாடி? படிக்கப் போனியா, ஊரு சுத்தப் போனியா?" என்று அம்மா வாராவாரம் திட்டுவாள்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவள் தைக்கிற ஷூ வெளிநாட்டுக்குப் போகும். எந்த ஊருக்கு, யார் காலுக்கு என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அதனால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே ஷூவைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. எடுப்போம், வளைப்போம், மோந்து பார்ப்போம். கடைசியாக 'நாக்கை'த் தூக்குவோம். லேஸுக்கு அடியில் இருக்கும் தோல் பட்டையைத்தான் நாக்கு என்போம்; எந்த நாட்டில் செய்தது என்று அதற்குள்தான் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்போம். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையின் ஷூவையே என் சித்தி இப்படி ஆராய்ந்திருக்கிறாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை போய்த் தங்கிய அந்த மலை விடுதியில் ஷூவைக் கழற்றித் தனி அறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழக்கம்போல இருப்புக் கொள்ளவில்லை. முதல் ஆளாகக் கிளம்பலாம் என்று அந்த அறைக்குள் போனேன். அடேயப்பா! சுவர் முழுக்க மலையேறும் ஷூக்கள். என் ஷூவை மறந்தே போனேன். கனமான பிரவுன் ஷூ ஒன்றை எடுத்து வளைத்தேன், மோந்தேன், நாக்குக்குள் கையை விட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அது அவருடைய ஷூ. என் அப்பா வயது இருக்கும், ஆனால் கதவை அடைக்கிற உடம்பு. சத்தம் கேட்டு விடுதியை நடத்தும் அம்மாவும் ஓடி வந்தார். போன வாரம்தான் அங்கே ஒரு ஜோடி திருடு போயிருக்கிறது. ஷூ இல்லாமல் அந்த மலையில் இறங்க முடியாது என்பதால் அங்கே அது பெரிய குற்றம். போலீஸுக்குச் சொல்லலாம் என்று விடுதி அம்மா சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

கேஸ் என்று வந்தால் விசா போச்சு, படிப்பு போச்சு. தெருவிலேயே முதலில் வெளிநாடு போனவள் திருட்டுப் பட்டத்தோடு திரும்பி வந்தால், அம்மா எந்த முகத்தோடு கம்பெனி பஸ் ஏறுவாள்? படித்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோனது. "சும்மா பார்த்தேன்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எந்தத் திருடனும் அதைத்தானே சொல்வான்!

வேறு வழி தெரியாமல் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த ஷூ அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏய், இன்னாடி அது? கிட்ட காட்டு. வளைச்சிப் பாத்தியா? நாக்கத் தூக்குடி, உள்ள எந்த ஊருன்னு போட்டுக்குது?"

வெங்காயத்தைப் போட்டுவிட்டு, காற்றிலேயே ஒரு ஷூவை வளைத்து, இரண்டு விரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கொஞ்சம் முன்னால் நான் செய்த அதே சேட்டை! அந்த மனிதர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் நாக்கைத் தூக்கி உள்ளே இருந்ததை வாய்விட்டுப் படித்தேன். வேறு ஏதோ நாடு.

"ஐயே, நம்முது இல்ல" என்று அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மனிதர் குபீரென்று சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்து, வார்த்தை வந்தது. அம்மா ஷூ தைப்பவள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். விடுதி அம்மா போலீஸ் பேச்சை விட்டுவிட்டுக் காபி கொண்டுவரப் போனார்.

அம்மா இது எதையும் கவனிக்கவில்லை. "இதப் போட்டுக்கினு எதுல ஏறுறாங்க? காட்டு பாக்கலாம்" என்றாள்.

போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பாறையும் அதற்கு மேலே பனியும் வெயிலில் பளபளத்தன. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா தைக்கிறேன். ஷூ இப்டி ஒரு எடத்துக்கெல்லாம் போவுதுன்னு தெரியாதுடி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அடுத்த வாரம் எங்க போற?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு சனிக்கிழமை காலைகளில் போன் அடித்து, "இன்னும் கெளம்பலயா?" என்று விரட்டியது அம்மாதான்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் லீவு நாளில் அவளை ஏலகிரிக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே ஓரிடத்தில் நிற்காத கால்கள்தான் என்பதும், மெஷினை விட்டு எழுந்திருக்கத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதும், அன்று அந்த அறையில் நான் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.