ராக்கம்மாவுக்குத் தும்மல் வராது

தும்மல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. ராக்கம்மா நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, வலது கால் பெருவிரலைத் தரையில் ஊன்றி, மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஏழில் அது திரும்பிப் போயிற்று. அரைத்த மிளகாய்த் தூளை அள்ளிப் பையில் போட்டு, முன்னால் நின்ற ஹோட்டல்கார மஹ்ரூப் நானாவிடம் நீட்டினாள். மஹ்ரூப் அதற்குள் நான்கு தடவை தும்மியிருந்தார்.

“நீங்க மனிசிதானா?” என்றார் அவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. “இந்த மில்லுக்கு வந்தா எனக்கு ரெண்டு நாளைக்கு மூக்கு வேல செய்யாது. ஒங்களுக்கு ஒண்டுமே இல்லயே.”

“பழகிப்போச்சுங்க நானா.”

“நானும் ஹோட்டல் தொடங்கின நாள்ல இருந்து வாரேன். எனக்குப் பழகல்லயே.”

மேசையில் இருந்த முதலாளி பாலேந்திரன் நிமிராமலே, “ராக்கம்மாவுக்குத் தும்மல் வராது” என்றார். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் இதைச் சொல்வார். பழையவர்களிடமும் சொல்வார்.

மில் பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரம் இருக்கிறது. கீழே மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பார்கள். மேல்மாடியில் தூளைச் சிறு பக்கெட்டுகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். வேலை செய்பவர்கள் ஆறு பேர். ராக்கம்மா வந்து இருபத்திரண்டு வருடம். மஹய்யாவவிலிருந்து கண்டி டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ்.

அவள் சேர்ந்தபோது மில் பாலேந்திரனின் தகப்பனாருடையது. முதல் வாரமே அவர் சொன்னார்: “அரைக்கிறவள் தும்மினால் சாமானுக்குள்ளை விழுந்தது எண்டு சனம் கதைக்கும். ஏலாதெண்டால் இப்பவே சொல்லிப்போடும்.” ராக்கம்மாவின் புருசன் அழகமுத்து அப்போது மாநகரசபையில் வீதி கூட்டினார். வேலை நிரந்தரமாகவில்லை. அவள் ஏலும் என்றாள். பிறகு தகப்பனார் இறந்தார். மெஷினுக்கு மூன்று தரம் பெல்ட் மாற்றினார்கள். தும்மல் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

பகலில் அடக்கிய தும்மல்கள் பின்னேர பஸ்ஸில் வரும். பேராதனைப் பாலம் தாண்டினால் தொடங்கும். கெட்டம்பேயில் முடியும். இருபதுக்குக் குறையாது. கண்டக்டர் அதுவரை அவளிடம் வரமாட்டார். கெட்டம்பேயில் வந்து, “இவரத, அக்கே?” என்பார். முடிந்ததா என்று. அவள் தலையாட்டினால் டிக்கெட் கிழிப்பார்.

போன வருடம் இருமலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர், தூசியில் நிற்க வேண்டாம் என்றார். என்ன வேலை என்று பிறகு கேட்டார். அவள் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

இந்த வருடம் நவராத்திரியோடு பொன்னையா வேலையிலிருந்து நிற்பதாக இருந்தது. மேல்மாடியில் பக்கெட்டுக்குச் சீல் வைக்கும் மேசை அவருடையது. பக்கத்தில் ஜன்னல். உட்கார்ந்து செய்யும் வேலை. ராக்கம்மா முதலாளியின் மனைவி பத்மாதேவியிடம் போனாள்.

“பொன்னையா அண்ணன் போனா அந்த மேசைல நான் உக்காந்துக்கவாம்மா?”

“ஏன் ராக்கம்மா அக்கா, கீழை என்ன கரைச்சல்?”

கரைச்சலைச் சொன்னால் தும்மலைச் சொல்ல வேண்டும். தும்மலைச் சொன்னால் இருபத்திரண்டு வருடத்தையும் சொல்ல வேண்டும்.

“ஒண்ணுமில்லம்மா. அங்கிட்டு நல்லாக் காத்து வரும்.”

பத்மாதேவி அதை அப்படியே கணவரிடம் கொண்டுபோனாள். “ராக்கம்மா அக்காவுக்கு மேலை போகவேணுமாம். காத்து வருமாம்.”

“காத்தோ?” என்றார் பாலேந்திரன். இரண்டு நாள் யோசித்தார். இருபத்திரண்டு வருடமாகக் காற்றுக் கேட்காத மனுசி இப்போது ஏன் கேட்கிறாள்? காற்று இல்லை, மனக்குறை.

முந்திய மாதம்தான் அவர் கண்டியில் ஒரு ஹோட்டலில் சிறு முதலாளிமாருக்கு நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போய் வந்திருந்தார். மத்தியானச் சாப்பாடும் தந்தார்கள். கொப்பியில் மூன்று வரி எழுதியிருந்தார். பரிசு மட்டும் போதாது. பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். நாலு பேர் காணச் செய்யுங்கள். அதுவரை அவர் தீபாவளிக்குத் தீபாவளி ஏதாவது கொடுத்து வந்தார். ஒரு வருடம் குடை, ஒரு வருடம் பேசின், மூன்று வருடம் சுவர் மணிக்கூடு. ராக்கம்மா வீட்டில் மூன்று மணிக்கூடும் மாட்டியிருந்தன. ஒன்று ஓடியது.

ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்பு, பெரிதாக ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. பாலேந்திரன் அதைச் சாக்கால் மூடி வைத்தார். ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை.

பூசையன்று காலை ராக்கம்மா நீலச் சேலை கட்டினாள்.

“இன்னைக்கு மேல போயிருவேன்னு நெனைக்கிறேன்” என்றாள் புருசனிடம்.

“அதுக்குள்ளயா?” என்றார் அழகமுத்து. “சோறாக்கிட்டுப் போ.”

மெஷின்களைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஐயர் வந்து போனார். அவலும் கடலையும் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரோடு மஹ்ரூபும் வந்து கதிரையில் உட்கார்ந்தார். முதலில் பொன்னையாவுக்குப் பொன்னாடை. “எனக்கெதுக்குங்க இதெல்லாம்” என்றார் பொன்னையா. மறுபடியும் “எதுக்குங்க” என்றார். பிறகு கழுத்தைக் குனித்துக் கொடுத்தார். மணிக்கூடும் கிடைத்தது.

பாலேந்திரன் ராக்கம்மாவைக் கூப்பிட்டார். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, மேல்மாடிப் படியை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்து நின்றாள். அவர் சாக்கை இழுத்தார்.

புது மெஷினின் வயிற்றில் சிவப்புப் பெயின்டால் ராக்கம்மா என்று எழுதியிருந்தது. கீழே ஒரு தாமரைப் பூ.

“இனி இந்த மெஷினுக்குப் பேர் ராக்கம்மா” என்றார் பாலேந்திரன். “அவ இருக்கும்வரைக்கும் இதை வேறை ஒருத்தரும் தொடேலாது. இதிலை மிளகாய் அரைக்கிறதெண்டால் அவதான் அரைக்கவேணும்.”

கை தட்டினார்கள்.

“வேணாங்க முதலாளி” என்றாள் ராக்கம்மா.

இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

“பாத்தியளோ, வேண்டாமெண்டுறா” என்றார் பாலேந்திரன், சந்தோசமாக.

“நெசமாவே வேணாங்க. அந்த மேல் மேசையக் குடுத்தீங்கன்னா போதும்.”

“இதுதான் அடக்கம்” என்றார் மஹ்ரூப் பக்கத்துக் கடைக்காரரிடம். “என்ட ஹோட்டல்லயும் ஒருத்தன் இரிக்கான். நல்லாச் செஞ்சாய் எண்டு சொல்ல வாயத் தொறந்தாலே லீவு கேப்பான்.”

கௌரவிக்கப்படுகிறவர் இரண்டு தரம் வேண்டாம் என்பது முறை. ராக்கம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். மூன்றாம் தரம் சொன்னவரை அங்கே யாரும் கண்டதில்லை. அவள் வாயைத் திறக்கும்போது பத்மாதேவி குங்குமத் தட்டை நீட்டி, “நீங்களே வையுங்கோ அக்கா” என்றாள். ராக்கம்மா தன் பெயருக்கு மேலே பொட்டு வைத்தாள்.

சீல் மேசை சுதர்சினிக்கு என்று அதன் பிறகு பாலேந்திரன் அறிவித்தார். அவள் வேலைக்கு வந்து எட்டு மாதம். அவள் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டரைக்கு முதல் அரைவை. மஹ்ரூப் பத்துக் கிலோ செத்தல் மிளகாய் கொண்டுவந்தார். ராக்கம்மா புது மெஷினைப் போட்டாள். மூன்றாவது நிமிடம் தும்மல் வந்தது. அவள் நாக்கை அழுத்தவில்லை. எண்ணவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, முந்தானைக்குள் தும்மினாள். பதினொரு தரம்.

மஹ்ரூப் தன் தும்மலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாலேந்திரன் எழுந்து வந்தார்.

“மெஷினை நிப்பாட்டுங்கோ. ராக்கம்மாவே தும்முறாவெண்டால் மூடியாலை தூள் வருது.”

“மூடில ஒண்ணுமில்லைங்க முதலாளி. எனக்குத்தான் வருது. எப்பவும் வர்றதுதான்.”

“நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்களுக்கு வராது.”

கலகெதரவிலிருந்து மெக்கானிக் அஷ்பாக் பதினொரு மணிக்கு வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். பூட்டினார். கோளாறு எதுவும் இல்லை என்றார். பாலேந்திரன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கொழும்புக்குப் போன் எடுத்து வேறு மூடி கேட்டார். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

புது மெஷினைத் திரும்பவும் சாக்கால் மூடினார்கள். வேறு ஒருவர் அதைத் தொடக்கூடாது; தன் பெயரில் மெஷின் உள்ளவள் பழையதில் நிற்பதும் அழகில்லை. மூடி வரும்வரை ராக்கம்மா மேலே போய்ச் சுதர்சினியோடு இருக்கட்டும் என்றார் பாலேந்திரன். மேசையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

மஹ்ரூபின் மிளகாயைப் பாலேந்திரனே பழைய மெஷினில் அரைத்தார். பத்தொன்பது தரம் தும்மினார். அந்த மெஷினின் மூடியையும் பார்க்க வேண்டும் என்றார்.

ராக்கம்மா பின்னேரம்வரை இருநூற்று அறுபது பக்கெட்டுக்குச் சீல் வைத்தாள். ஐந்தேகால் பஸ்ஸில் ஏறினாள். பேராதனைப் பாலம் வந்தது, போனது, தும்மல் இல்லை. கண்டக்டர் அவளைத் தாண்டிப் பின்னால் போனார். கெட்டம்பேயில் திரும்பி வந்து, “இவரத, அக்கே?” என்றார். அவள் தலையாட்டினாள். அவர் டிக்கெட் கிழித்தார்.