கால் இஞ்ச் மாஸ்டரின் கோணல் துண்டுகள்

கால் இஞ்ச் பிசகினாலும் சட்டையைப் பிரிக்கச் சொல்கிறவர் என்பதால், தையற்கடையில் அவருக்கு ‘கால் இஞ்ச்’ என்றே பெயர். முப்பத்திரண்டு வருடம் துணி வெட்டியவருக்கு வலது கையில் நடுக்கம் வந்தது. கடைக்காரர் நல்லவர், போகச் சொல்லவில்லை, உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார். வெட்டுகிறவருக்கு நின்றுதான் வேலை. மாஸ்டர் புரிந்துகொண்டு தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் திரைச்சீலைகளின் நீளத்தைக் குறை சொல்லத் தொடங்கியதும், மனைவி தன் தங்கையைக் கூப்பிட்டாள். நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கிரேஸி குவில்ட் என்னும் ஒட்டுப்போர்வை தைக்கும் எட்டுப் பெண்களுக்கு அந்தத் தங்கைதான் தலைவி. சதுரமான அடித்துணிகளின் மேல் வெல்வெட், பட்டு, பழைய டை என்று கிடைத்த துண்டுகளைக் கோணல்மாணலாகப் பொருத்தி, மூட்டுகளின் மேல் பூத்தையல் போடும் வேலை அது. எப்போதோ ஓய்ந்துபோன மோகம், இப்போது மறுபடி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒழுங்கில்லாமல் தைப்பதற்கு வகுப்பு வைத்து, வருகைப்பதிவும் எடுக்கிறார்கள்.

“கந்தல் ஒட்டுறதுக்கு நானா?” என்று கேட்டுவிட்டு மாஸ்டர் போனார்.

ஜன்னலோரம் இடமும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கொடுத்தார்கள். குழந்தைக்குக் கொடுப்பதைப் போல் கொடுத்துவிட்டார்கள் என்று அதை அவர் தொடவேயில்லை. நான்கு சதுரங்களுக்கான துணியை வாங்கிக்கொண்டு, வீட்டில் செய்துவருவதாகக் கிளம்பினார். தன் கை நடுங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவருக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

கோணல் வடிவங்களை அட்டையில் வரைந்து, துணியை அட்டையோடு அழுத்திப் பிடித்து, நூலிழை பிசகாமல் வெட்டினார். மூன்று வாரம் கழித்து நான்கு சதுரங்களையும் வகுப்பு மேசையில் பரப்பினார்.

கொழுந்தியாள் குனிந்து பார்த்தாள். “அத்தான், நாலும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே!”

“அளவு சரியாத்தானே இருக்கு?”

“அதான் தப்பு. கோணலுக்கே யூனிஃபார்ம் தைச்சுட்டீங்க. அட்டையைத் தூக்கிப் போடுங்க. இங்கயே உக்காந்து வெட்டுங்க.”

“கண்ணாடி கொண்டுவரலை.”

கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது.

“கை விஷயம் முதல் நாளே எங்களுக்குத் தெரியும் அத்தான். அக்கா வாயை யார் தைக்கிறது? கனமில்லாத கத்தரிக்கோலுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினோம் தெரியுமா?”

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள்: “நாங்க நிதானமா வெட்டினாலே உங்க நடுக்கத்தைவிட மோசமாத்தான் வரும். சும்மா வெட்டுங்க மாஸ்டர்.”

வெட்டினார். வந்த துண்டு இலை மாதிரியும் இல்லை, காது மாதிரியும் இல்லை. அதைப் பச்சைப் பட்டின் பக்கத்தில் வைப்பதா, கறுப்பு வெல்வெட்டின் மேலா என்று நர்ஸுக்கும் கொழுந்தியாளுக்கும் உடனே சண்டை மூண்டது. அவர் கையை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது துண்டை யாரும் கேட்காமலே வெட்டினார்.

‘நன்றி’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். கடையில் அவர் பிடித்த பெரிய கத்தரிக்கோல். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அதில் ஒரு நூல்கூட வெட்ட விட்டதில்லை. அதை மேசை நடுவில் வைத்தார்.

“யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்,” என்றார். பிறகு, மனம் கேட்காமல்: “பேப்பர் வெட்டி மட்டும் மழுங்க வச்சிடாதீங்க.”