பெட்டி கட்டும் இடம்

ஷார்ஜாவின் பழைய கடைவீதியில், நான் முன்பு குடியிருந்த கட்டடத்தின் கீழே, பயணப் பைகள் விற்கும் அண்ணாச்சியின் கடை. திருநெல்வேலிக்காரர். வாசல் கொக்கியில் ஒரு தராசு தொங்கும். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து அதில் எடை பார்ப்பார்கள். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து கயிற்றால் கட்டி, நான்கு பக்கமும் பெயரைப் பெரிதாக எழுதித் தருவார். அதற்கு ஒன்றும் வாங்கமாட்டார். வந்தவர்கள் ஒரு பூட்டோ போர்வையோ வாங்காமல் போனதில்லை.

நான் புறநகரான முவைலாவுக்கு வீடு மாறிய பிறகு அங்கே ஒரு மால் வந்தது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து நடந்தே போகலாம். பழைய கடைவீதியில் வார விடுமுறைக் கூட்டம் குறைந்தது. கடை ஒப்பந்தம் முடிய ஒரு வாரம். புதுப்பிப்பதா, மாலுக்குப் போவதா என்று அண்ணாச்சி முடிவு செய்தாக வேண்டும். ஞாயிறு மதியம் என் காரில் அந்த மாலுக்குப் போனோம்.

உள்ளே மணி என்ன என்றே தெரியவில்லை. கண்ணாடிக் கூரை வழியாக விழுந்த வெயிலில் சூடு இல்லை. தரை தண்ணீர்போலப் பளபளத்தது. அதன்மேல் இஸ்திரி போட்ட சட்டைகள் கூட்டம் கூட்டமாக, அவசரமில்லாமல், மிதப்பதுபோல் நகர்ந்தன. தூக்கத்தில் நடப்பவர்களைப்போல நாங்களும் கொஞ்ச தூரம் நகர்ந்தோம்.

"பூரா நம்ம ஆளுவதான்" என்றார் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்டுவிட்டவரின் நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

நான் அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றிலும் பை இல்லை.

மூன்று பேர் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்தார்கள். "அண்ணாச்சி! நீங்களும் ஏசிக்கு வந்துட்டீங்களா?"

"இங்க கடை போட்டா வருவியளாடே?"

"வாரா வாரம் வந்து பார்ப்போமே!"

"பாப்பிய. பெட்டி கட்ட?"

"அது லீவு கிடைச்சாத்தானே, ரெண்டு வருஷம் ஆகும். இங்க தரையில உட்கார்ந்து கட்டினா செக்யூரிட்டி யல்லா யல்லான்னு விரட்டுவான்."

பழைய கடைவீதிக்கே திரும்பினோம்.

பூட்டியிருந்த கடையின் படியில், அட்டைப்பெட்டிமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போயிட்டீங்க அண்ணாச்சி? நாளைக்கு ஃபிளைட்டு."

"மாலுக்கு."

"என்ன வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

"அங்க யாரு வாங்குறா" என்று சிரித்தார் அவர்.

பெட்டி தராசில் ஏறியது. முள் முப்பத்துநாலில் ஆடி நின்றது. விமானத்தில் விடுவது முப்பதுதான்; நாலு கிலோ அதிகம். வந்தவர் பெட்டியிலிருந்து பால்பவுடர் டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"இங்கன வச்சிட்டுப் போ. அடுத்து உங்க ஊருக்குப் போறவன்கிட்ட குடுத்து விடுதேன்."

"ரெண்டு மூணு மாசம் ஆவுமே. கடை இங்கதானே இருக்கும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு டின்களை வாங்கி, அலமாரியின் உள்தட்டில் அடுக்கினார்.

"இங்கனதான் இருக்கும்" என்றார், கயிற்றைத் தேடிக்கொண்டே.