அடுப்புப் புகை என்றார்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் குவாரி. மத்தியானம் சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் வெடி. மழை பெய்து வெடிமருந்து நனைந்த நாட்களில் ஆரஞ்சு நிறப் புகை கிளம்பி நேரே சத்துணவுக் கூடத்துக்குள் நுழையும். சமையல்கார அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீசிங். அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு முறை ஆட்டோவில் கூட்டிப் போனவள் நான்தான்.

குவாரிக்கு மனு கொடுத்தோம். "சமையலருக்கு அடுப்புப் புகையால் பாதிப்பு" என்று பதில் வந்தது. இங்கே கேஸ் அடுப்பு வந்து எத்தனை வருடமாகிறது! எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

விடாமல் மனு போட்டதில் குவாரி ஆபீசர் ஒருநாள் நேரிலேயே வந்தார். "அது வெறும் தூசி மேடம். தண்ணி தெளிச்சா அடங்கிடும்."

யாரிடம் சொல்கிறார்? இருபது வருடமாக ப்ளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவளிடம்! அம்மோனியாவைப் பிளாட்டின வலைமேல் காற்றோடு எரித்து, கிடைக்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் நைட்ரிக் அமிலம். அதில் மறுபடி அம்மோனியாவைச் சேர்த்தால் அம்மோனியம் நைட்ரேட். குவாரிக் குழியில் இவர்கள் கொட்டுவது அந்த உப்பைத்தான். அது சரியாக வெடிக்காவிட்டால் வருவது நைட்ரஜன் டை ஆக்சைடு என்கிற நச்சுவாயு. என் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

"லேபுக்கு ஒரு நிமிஷம் வாங்க சார்" என்றேன்.

ஜன்னலோரம் பீங்கான் கிண்ணத்தில் செம்புக் கம்பித் துண்டைப் போட்டு, நைட்ரிக் அமிலம் நாலு சொட்டு விட்டேன். பச்சையாக நுரைத்து, மேலே குவாரியிலிருந்து வரும் அதே ஆரஞ்சு நிறப் புகை எழுந்தது. ஆபீசர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

வராந்தாவில் அக்கா நின்றிருந்தார். "தூசிதானுங்களே சார்? தண்ணி தெளிக்கட்டுங்களா?"

மனிதர் இருமிக்கொண்டே ஜீப்பில் போய் ஏறினார்.

அடுத்த வாரமே வெடி நேரத்தை மாற்றிவிட்டார்கள். பள்ளி விட்டு, நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் இப்போது சங்கு ஊதுகிறது. ஹெச்.எம். எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் வீடு குவாரி வேலியை ஒட்டி இருக்கிறது. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அவர் வீடு போய்ச் சேரும் நேரமும் அதுதான்.

"இப்ப வூட்டுக்கே வந்துடுதுங்க டீச்சர்" என்றார் நேற்று.